ஏழு காய்கள் மிஞ்சும்போது: கடிதச் சதுரங்கப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டி அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடிதச் சதுரங்கம் ஆடத் தொடங்கிய காலத்தில் நகர்வுகள் அஞ்சலட்டையில் போய்வந்தன. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால் 5254 என்று எழுதுவோம். எந்த மொழிக்காரருக்கும் புரிகிற நான்கு எண்கள், கீழே தேதி, ஒரு கையெழுத்து. இப்போது அட்டைக்குப் பதில் சர்வர் வந்துவிட்டது. ஆனால் இந்த ஆட்டத்தின் அடிப்படை மாறவில்லை. எதிராளியின் மேசையை நாம் பார்ப்பதில்லை. அங்கே பலகை விரித்திருக்கிறதா, புத்தகம் திறந்திருக்கிறதா, கணினி ஓடிக்கொண்டிருக்கிறதா என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் விதியை மதிக்கிறார் என்று நம்பித்தான் அடுத்த நகர்வை அனுப்புகிறோம்.

அந்த நம்பிக்கைக்கு நீங்கள் எழுதும் விதி துணை நிற்க வேண்டும். ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தைப் பொறுத்தவரை அது துணை நிற்பதில்லை என்பதே என் முறையீடு. "கணினி உதவி கூடாது" என்று ஒரு வரி. அல்லது "கணினி உதவி பெறலாம்" என்று ஒரு வரி. பலகையில் முப்பத்திரண்டு காய்கள் இருக்கும்போது அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கலாம். ஏழு காய்கள் மிஞ்சும்போது அது போதாது. நகர்வைக் கணித்துச் சொல்லும் மென்பொருளான எஞ்சின் ஒரு பக்கம் இருக்க, ஏழு காய் வரையுள்ள நிலைகளுக்கெல்லாம் விடையை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் டேபிள்பேஸ் என்ற தொகுப்பும் இப்போது இருக்கிறது. ஏன் போதாது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கணினி உதவி தடைசெய்யப்பட்ட ஒரு போட்டியில் ஆடினேன். நீண்ட ஆட்டம். கடைசியில் என்னிடம் ராஜாவும் யானையும் (ரூக்), எதிராளியிடம் ராஜாவும் யானையும் பிஷப்பும் மிஞ்சின. சதுரங்கம் ஆடும் எவருக்கும் வயிற்றைக் கலக்கும் நிலை அது. கோட்பாட்டின்படி பெரும்பாலும் டிராதான். ஆனால் தற்காப்பவர் ஒரே ஒரு முறை சறுக்கினால் போதும். பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் ஃபிலிடோர் இதில் வெல்லும் நிலை ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். நான் இரண்டாம் வரிசைத் தற்காப்பை எடுத்துக்கொண்டேன். மேசையில் இரண்டு புத்தகங்கள், பக்கத்தில் ஒரு குறிப்பேடு. காய் வெட்டப்படாமலும் சிப்பாய் நகராமலும் ஐம்பது நகர்வுகள் கடந்தால் டிரா கோரலாம் என்பதால், ஒவ்வொரு நகர்வுக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஐந்து ஐந்தாகக் கட்டி எண்ணிக்கொண்டு வந்தேன்.

முப்பத்தொன்றாவது கோடு போட்ட நாளில் நான் தவறினேன். யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டேன், அவ்வளவுதான். அது தவறு என்று எனக்கு அன்று தெரியாது. ஆனால் எதிராளிக்குத் தெரிந்திருந்தது. அவருடைய பிஷப் அடுத்த நகர்விலேயே பலகையின் மறுமூலைக்குப் பின்வாங்கியது. எந்தப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காத, எந்த மனிதக் கையும் இயல்பாகத் தேடிப் போகாத நகர்வு. அதற்குப் பிறகு எனக்கு மூச்சுவிட இடமில்லை. தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு அவருக்கு எழுதிக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "ஆம், டேபிள்பேஸ் பார்த்துத்தான் ஆடினேன். எஞ்சினைத் தொடவில்லை. புத்தகம் பார்க்கலாம் என்றுதானே விதி? இதுவும் அச்சிட முடியாத அளவுக்குப் பெரிய ஒரு புத்தகம்தானே?" என்று பதில் வந்தது.

அந்தக் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஒளிக்கவில்லை. விதியை ஒரு விதமாகப் படித்திருந்தார். நான் வேறு விதமாகப் படித்திருந்தேன். இருவருமே நேர்மையாக ஆடி, இரண்டு வேறு ஆட்டங்களை ஆடியிருக்கிறோம். போட்டி நடத்தியவர்களுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, "விதியில் உள்ளபடியே" என்று பதில் வந்தது. விதியில்தான் எதுவும் இல்லையே!

அவர் கேட்ட கேள்வி நியாயமானது என்பதால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். கடிதச் சதுரங்கத்தில் புத்தகம் பார்ப்பது தொன்றுதொட்டு அனுமதிக்கப்பட்ட ஒன்று. வாரக்கணக்கில் யோசிக்கிற ஆட்டத்தில் அலமாரியைப் பூட்டி வைக்கச் சொல்வது பொருளற்றது. ஆனால் புத்தகம் என்ன தருகிறது? யானை முடிவாட்டத்தில் மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்தித் தற்காத்துக்கொள் என்கிறது. ஓரச் சிப்பாய் ராணியாகும் கட்டத்தின் நிறம் பிஷப்பின் நிறத்தோடு பொருந்தாமல், தற்காக்கும் ராஜாவும் அந்த மூலையை எட்டிவிட்டால் டிரா என்கிறது. இரண்டு குதிரைகளை எதிர்த்து நிற்கும் சிப்பாய் எந்தக் கோட்டைத் தாண்டாமல் தடுக்கப்பட வேண்டும் என்கிறது. அங்கிருந்து நம் பலகையில் நிற்கும் நிலைக்கு வழிபோடுவது நம் வேலை. பல இரவுகள் அதில் போகும். பாதி வழியில் தொலைந்தும் போவோம். டேபிள்பேஸ் அப்படி இல்லை. நம் பலகையில் இந்த நிமிடம் நிற்கிற இதே நிலையை எடுத்து, இந்த நகர்வு வெற்றி, இது டிரா, இது தோல்வி என்று சொல்லிவிடுகிறது. அதற்குக் கருத்து கிடையாது, ஐயம் கிடையாது. முடிந்துபோன எல்லா ஆட்டங்களிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட்டுச் சேர்த்த முழு விடைத்தாள் அது.

எஞ்சின் அளவுக்குக்கூட அது யோசிப்பதில்லை என்பது உண்மை. எஞ்சின் கணிக்கிறது, தவறவும் கூடும். டேபிள்பேஸ் பார்த்துச் சொல்கிறது, தவறுவதில்லை. அதனால்தான் எஞ்சினுக்குத் தடை இருக்கும் போட்டியில் டேபிள்பேஸுக்கு அனுமதி தருவது தலைகீழான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன். சின்ன உதவியைத் தடுத்துவிட்டுப் பெரிய உதவிக்குக் கதவைத் திறந்துவைப்பது போன்றது அது. இணையச் சதுரங்கத் தளங்களான லிசெஸ்ஸும் செஸ்.காமும் நாள்கணக்கில் ஆடும் ஆட்டங்களில் தொடக்க நகர்வுத் தொகுப்புகளைப் பார்க்க அனுமதிக்கின்றன; எஞ்சினையும் டேபிள்பேஸையும் சேர்த்தே தடுக்கின்றன. அந்தக் கோடு சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. ஆனால் நீங்கள் என்னோடு உடன்பட வேண்டும் என்பதுகூட முக்கியமில்லை. அனுமதிக்கிறீர்கள் என்றால் அனுமதிக்கிறோம் என்று எழுதுங்கள். எழுதாமல் விடுவதுதான் இரண்டு நேர்மையாளர்களை ஒருவரையொருவர் சந்தேகிக்க வைக்கிறது.

இந்தக் கேள்வி சில நிபுணர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் உங்களில் சிலருக்கு இருக்கக்கூடும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. கணினி அறிஞர் கென் தாம்ப்சன் 1970-களில் ராணிக்கு எதிராக யானை நிற்கும் முடிவாட்டத்தைக் கணினியில் முழுமையாகக் கணக்கிட்டபோது, கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரௌன் அந்தக் கணினியின் யானையை ஐம்பது நகர்வுக்குள் வெல்வேன் என்று பந்தயம் கட்டி முதல்முறை தோற்றார். உலகமே வியந்தது. நான்கு காய்களுக்கே அப்படி. ஆறு காய் நிலைகள் முழுவதும் 2005-இல் கணக்கிடப்பட்டன. 2012-இல் மாஸ்கோவில் லோமோனோசோவ் தொகுப்பு ஏழு காய்களை எட்டியது; ஏறத்தாழ 140 டெராபைட். பிறகு சிஸிஜி தொகுப்பு அதே ஏழு காய்களை 2018-இல் சுமார் 17 டெராபைட்டுக்குள் அடக்கியது. அந்த 17 டெராபைட்டைக்கூட நம் வீட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நிலையை அடுக்கினால் இணையம் இலவசமாகப் பதில் சொல்லும். ஒரு நொடி ஆகாது. வட்டு வாங்க வேண்டாம், மென்பொருள் வேண்டாம், விரல் நுனி போதும். சபலம் அவ்வளவு அருகில் வந்துவிட்ட பிறகு, விதி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கலாமா?

தடை இருக்கும் போட்டிகளில் ஆடுகிற நண்பர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஆடிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு சிப்பாயை மட்டும் ஒரு கட்டம் தள்ளிவைத்து, "இது என் ஆட்டம் இல்லை, பொதுவான பயிற்சி" என்று எஞ்சினைக் கேட்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. அது கேட்பதுதான். நிறம் மாற்றி வைத்துக் கேட்டாலும், பலகையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வைத்துக் கேட்டாலும் கேட்பதுதான். நண்பரைப் பார்க்கச் சொல்லி அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாலும் அப்படியே. அந்த வகை முடிவாட்டத்தைப் பயில வேண்டும் என்றால் ஆட்டம் முடியும்வரை பொறுத்திருங்கள். அல்லது புத்தகத்தைத் திறங்கள். இதை விதியில் ஒரு வாக்கியமாகச் சேர்த்தால் பலருக்கு உதவியாக இருக்கும். ஏனென்றால் இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் தாங்கள் தவறு செய்வதாக நினைப்பதில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்கு எழுதக் கடினமானது. ஆனாலும் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

அந்த யானை-பிஷப் ஆட்டத்துக்குப் பிறகு எனக்குள் ஒரு சந்தேகம் குடிபுகுந்தது. அடுத்த ஆண்டு வேறொரு போட்டியில், ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே நிற்கும் முடிவாட்டம். எனக்கு ஒரு சிப்பாய் கூடுதல். வென்றுவிடுவேன் என்று உறுதியாக இருந்தேன். எதிராளி பத்தொன்பது நகர்வுகள் தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் தப்பிக்க இருந்த ஒரே கட்டத்துக்கு ராஜாவை நகர்த்தினார். ஒரு முறைகூடத் தவறவில்லை. ஆட்டம் டிரா ஆனது. டேபிள்பேஸில் வைத்துப் பார்த்தேன். பத்தொன்பதும் பொருந்தின. அன்று இரவே அவருக்குக் கடுமையாக ஒரு கடிதம் எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை இங்கே திரும்பச் சொல்ல மனம் வரவில்லை.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. கடிதம் இல்லை. அவருடைய குறிப்பேட்டிலிருந்து பதினோரு பக்கங்களின் ஸ்கேன். கையால் வரைந்த பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் என் ராஜா நிற்கக்கூடிய கட்டங்களில் எண்கள். அதற்கு ஈடாக அவர் ராஜா நிற்க வேண்டிய கட்டங்களில் அதே எண்கள். நான் மூன்றில் நின்றால் அவர் மூன்றில், நான் ஐந்துக்குப் போனால் அவர் ஐந்துக்கு. இணைக் கட்டங்களைக் கணக்கிடும் பழைய முறை. நாலாம் பக்கத்தில் ஒரு கணக்குத் தப்பி, முழுப் பலகையையும் குறுக்கே அடித்துவிட்டு மீண்டும் தொடங்கியிருந்தார். ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் காபிக் கோப்பை வைத்த வட்டம். பத்தொன்பது நகர்வுகளும் அந்தப் பதினோரு பக்கங்களில் இருந்தன, நான் ஒன்றை ஆடுவதற்கு முன்பே. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஏற்றுக்கொண்டதாக இரண்டு வரி வந்தது. அதன்பின் அவர் என்னோடு ஆடவில்லை. இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் மரியாதையாக மறுத்தார்.

நடுவர்களே, இதை உங்களுக்காகவே சொல்கிறேன். நடு ஆட்டத்தில் ஒருவருடைய நகர்வுகள் எஞ்சினோடு தொடர்ந்து பொருந்தினால் அது ஏதோ ஒன்றைச் சொல்லக்கூடும். இறுதிக்கட்டத்தில் அந்தப் பொருத்தம் எதையும் நிரூபிக்காது. தப்பிக்க ஒரே வழி இருக்கும்போது, அந்த வழியைக் கண்டுபிடிக்கும் மனிதரும் டேபிள்பேஸும் ஒரே கட்டத்தில்தான் வந்து நிற்பார்கள். ஒரு நகர்வுக்கு ஐந்து நாள் யோசிக்க இடம் கொடுத்துவிட்டு, சரியாக யோசித்தார் என்பதையே குற்றமாக்கக் கூடாது. தடயம் தேடுவதென்றால் தேட வேண்டிய இடம் வேறு. பல வழிகளில் வெல்லக்கூடிய நிலையில் ஒருவர் எந்த வழியை எடுக்கிறார் என்று பாருங்கள். மனிதர் பாதுகாப்பான வழியை எடுப்பார். சிப்பாயைத் தள்ளுவார், ராணியாக்குவார், முடிப்பார். சிஸிஜி போன்ற தொகுப்பு அடுத்த வெட்டோ சிப்பாய் நகர்வோ எத்தனை நகர்வில் வரும் என்பதையே எண்ணுகிறது. அதனால் அந்த எண்ணிக்கையைக் குறைக்க, வென்றுகொண்டிருக்கும்போதே ஒரு காயைச் சும்மா தூக்கிக் கொடுக்கவும் அது தயங்காது. அந்த விநோதம் திரும்பத் திரும்ப வந்தால் கேட்கலாம். அப்போதும் கேட்க வேண்டியவர் நீங்கள், எதிராளி அல்ல. நான் எழுதியதுபோல் ஒரு கடிதத்தை இன்னொருவர் எழுதாமல் இருக்க ஒரு வழி வேண்டும். சந்தேகம் வந்தால் நடுவருக்கு மட்டும், ஆட்டம் முடிந்த பிறகு, தனியாக எழுதலாம் என்று ஒரு வழியைத் திறந்து வையுங்கள்.

எஞ்சின் அனுமதிக்கப்பட்ட போட்டிகளுக்கு வருகிறேன். அங்கே சிக்கல் முற்றிலும் வேறு.

1951-இல் தொடங்கிய பன்னாட்டுக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பு எஞ்சினைத் தடை செய்வதில்லை. அதன் உயர்மட்டப் போட்டிகளில் பெரும்பாலான ஆட்டங்கள் டிராவில் முடிகின்றன. இதை வைத்து அந்த ஆட்டமே செத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் இறுதிக்கட்டத்தைப் பற்றி அந்தக் கூட்டமைப்பு எடுத்த ஒரு முடிவு மிகவும் நல்லது. 2014 முதல் தொடங்கிய போட்டிகளில், ஆறு காய் நிலை வந்துவிட்டால் டேபிள்பேஸைக் காட்டி வெற்றியோ டிராவோ கோரலாம் என்று விதி செய்தார்கள். 2020-இல் அதை ஏழு காய்களுக்கு உயர்த்தினார்கள். அப்படிக் கோரும்போது ஐம்பது நகர்வு விதி பொருந்தாது. வெற்றிக்கு எத்தனை நகர்வு தேவை என்பதும் கணக்கில் இல்லை.

இதில் இருக்கும் கருணையைக் கணக்குப் போட்டுத்தான் உணர முடியும். பத்து நகர்வுக்கு ஐம்பது நாள் என்பது கடிதச் சதுரங்கத்தில் வழக்கமான நேரக்கணக்கு. யானையும் பிஷப்பும் ஒரு பக்கம், யானை மட்டும் மறுபக்கம் என்ற அந்த முடிவாட்டத்தை ஐம்பது நகர்வுக்கு இழுத்தால், ஒருவருக்கு 250 நாள். இருவருக்கும் சேர்த்து 500 நாள் வரை போகலாம். விடை இருவருக்கும் தெரிந்த ஒரு நிலைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு! அந்த நேரத்தில் இருவரும் மூன்று புதிய ஆட்டங்களை உண்மையாக ஆடியிருக்கலாம். கோரிக்கை விதி இருந்தால் அது ஒரு நாளில் முடிகிறது.

ஆனால் எல்லா அமைப்புகளிலும் இந்த விதி இல்லை. எஞ்சினை அனுமதித்துவிட்டு, டேபிள்பேஸ் கோரிக்கையைப் பற்றி வாய்திறக்காத போட்டிகள் இருக்கின்றன. அங்கேதான் தோற்றுப்போன நிலையில் நாள்களை எண்ணிக்கொண்டு உட்காரும் வழக்கம் வளர்கிறது. இதற்குக் கடிதச் சதுரங்கக்காரர்களிடையே ஒரு கசப்பான பெயரே இருக்கிறது: 'இறந்தவரின் தற்காப்பு'. ஆட்டம் முடிவதற்குள் யாராவது ஒருவர் காலமாகிவிடலாம், விலகிவிடலாம் என்ற எதிர்பார்ப்பில் ஆட்டத்தை இழுப்பது. எனக்கே நடந்தது. ஆறு காய்கள், எனக்குத் தெளிவான வெற்றி, எதிராளியிடமும் அதே டேபிள்பேஸ். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை பதில் அனுப்பிவந்தவர், அன்றிலிருந்து ஒவ்வொரு நகர்வுக்கும் தன் கடிகாரத்தில் இருந்த நாள்களை முழுவதும் கரைத்தார். எட்டு மாதம். விதியை மீறவே இல்லை. அவர் என்னோடு பேசவும் இல்லை. நகர்வு மட்டும் வரும்.

அந்த எட்டு மாதத்தில் எனக்கு ஏற்பட்ட சலிப்பு தோல்வியின் சலிப்பைவிட மோசமானது. டேபிள்பேஸ் இருவரிடமும் இருக்கும்போது அதை எடுத்துக்கொள்வதோடு அதன் தீர்ப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வெல்லும் நகர்வுக்கு அதைப் பார்ப்பேன், தோல்வி என்று அது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்பது மரியாதை ஆகாது. விதி கோரிக்கைக்கு இடம் தராவிட்டால், குறைந்தபட்சம் நிபந்தனை நகர்வுகளையாவது அனுப்புங்கள். "நீங்கள் இதை ஆடினால் நான் இதை ஆடுவேன், அதற்கு நீங்கள் இதை ஆடினால் இது" என்று ஒரே மடலில் பத்து நகர்வுக்குக் கோத்து அனுப்பிவிடலாம். அஞ்சலட்டைக் காலத்தில் அஞ்சல்தலைக் காசை மிச்சம் பிடிக்க நாங்கள் அதைச் செய்தோம். இன்று வாழ்நாளை மிச்சம் பிடிக்கச் செய்யலாம்.

ஐம்பது நகர்வு விதியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமைப்பாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். டேபிள்பேஸ் 'வெற்றி' என்று சொல்லும் சில நிலைகளில் அந்த வெற்றி ஐம்பது நகர்வுக்குள் வராது. இரண்டு பிஷப்புகள் ஒரு குதிரையை வெல்ல அறுபத்தாறு நகர்வு வரை ஆகலாம் என்று 1980-களில் தெரியவந்தபோது, அதுவரை அதில் டிரா என்று எழுதிவைத்த புத்தகங்கள் பொய்யாயின. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே அத்தகைய சில முடிவாட்டங்களுக்கு எழுபத்தைந்து நகர்வு வரை விலக்கு அளித்துப் பார்த்தது. 1992-இல் அந்த விலக்குகளை எடுத்துவிட்டுப் பழைய ஐம்பதுக்கே திரும்பியது. ஆகவே நேருக்கு நேர் ஆட்டத்தில் டிரா ஆகும் ஒரு நிலை, பன்னாட்டுக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்படி வெற்றி. ஒரே நிலை, ஒரே காய்கள், இரண்டு விடைகள். உங்கள் போட்டியில் எந்த விடை செல்லும்? ஆட்டக்காரர் பத்துக் காய் இருக்கும்போதே எந்த முடிவாட்டத்துக்குள் இறங்குவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. விதி தெரியாமல் அந்தத் தீர்மானத்தை எப்படி எடுப்பார்? ஆட்டம் அந்த நிலைக்கு வந்த பிறகு நடுவர் தீர்ப்புச் சொல்வது, தேர்வு முடிந்த பிறகு பாடத்திட்டத்தை அறிவிப்பதற்குச் சமம்.

எஞ்சினோடு ஆடும்போது மனிதருக்கு என்ன வேலை மிஞ்சுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் பத்துக் காய் இடத்தைத்தான் காட்டுவேன். டேபிள்பேஸ் எட்டாத, எஞ்சின் தடுமாறுகிற ஒரு பட்டை அது. ஒருவரின் பிஷப் வெள்ளைக் கட்டங்களிலும் மற்றவரின் பிஷப் கறுப்புக் கட்டங்களிலும் ஓடும் எதிர்நிற பிஷப் நிலையில் இரண்டு சிப்பாய் கூடுதல் என்று எஞ்சின் பெரிய எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். தற்காப்பவர் கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்திருப்பார், யாராலும் நுழைய முடியாது. நரம்பு வலை (நியூரல் நெட்வொர்க்) சேர்ந்த பிறகு எஞ்சின்கள் இதில் நிறையத் தேறியிருக்கின்றன; ஆனாலும் முழுவதும் தேறவில்லை. 'இது கோட்டை, இதை உடைக்க முடியாது' என்று பார்த்துச் சொல்கிற கண் இன்னும் மனிதரிடம் இருக்கிறது. அந்தக் கண் இருப்பவர் டிரா கேட்கும்போது, "என் எஞ்சின் எனக்குச் சாதகமாக ஒன்றரைப் புள்ளி காட்டுகிறது" என்று மட்டும் சொல்லி நாற்பது நகர்வுக்கு பிஷப்பை இங்கும் அங்கும் ஆட்டிக்கொண்டிருப்பது நல்ல பழக்கம் இல்லை. முயற்சி செய்து பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. ஒரு திட்டம் இருந்தால் ஆடுங்கள். திட்டம் தீர்ந்துவிட்டால் திரையில் இருக்கும் எண்ணை நம்பி இன்னொருவரின் மாதங்களைச் செலவழிக்காதீர்கள். இதை விதியாக எழுத முடியாது என்று எனக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய ஒன்று.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிய திருத்தம் எதுவும் இல்லை. போட்டி அறிவிப்பில் இறுதிக்கட்டத்துக்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். எஞ்சின், டேபிள்பேஸ், புத்தகம் ஆகிய மூன்றையும் 'கணினி' என்ற ஒரே மூட்டையில் கட்டாமல், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூடும் அல்லது கூடாது என்று எழுதுங்கள். டேபிள்பேஸ் கோரிக்கை செல்லுமா, எத்தனை காய்களில் செல்லும், ஐம்பது நகர்வு விதி அதற்குப் பொருந்துமா என்பதை முதல் நகர்வுக்கு முன்பே சொல்லுங்கள். ஐயம் வந்தால் யாரைக் கேட்பது, எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பதில் மூன்று வாரம் கழித்து வரும் "விதியில் உள்ளபடியே" என்பதாக இருக்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியும் ஒன்று, விதிக்காக அல்ல. தோற்றவருக்கு உடனே டேபிள்பேஸ் இணைப்பை அனுப்பி, "நாற்பத்தேழாவது நகர்வில் டிரா இருந்தது, தெரியுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவரே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். எட்டு மாதம் யோசித்த ஒருவருக்கு அந்த ஒரு இரவையாவது அவருக்கென்று விட்டுவைக்கலாம்.

இந்த மடலை இப்போது எழுத உடனடிக் காரணம் ஒன்று இருக்கிறது. நான் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஆட்டத்தில் இன்று பலகையில் எட்டுக் காய்கள். யானைகளும் சிப்பாய்களும். என் ராஜா நடுப்பலகையில் நிற்கிறது. அடுத்த நகர்வில் நான் ஒரு சிப்பாயை வெட்டலாம்; வெட்டினால் ஏழு. அந்தப் போட்டியின் விதி "கணினி உதவி குறித்து ஆட்டக்காரர்கள் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்" என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால் வெட்டுவதற்கு முன் எதிராளிக்கு எழுதியிருக்கிறேன்: ஏழு காய் ஆன பிறகு டேபிள்பேஸைப் பார்ப்பதா, வேண்டாமா, இருவரும் ஒன்றுபோலவே செய்வோம், நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். அமைப்பாளர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். எதிராளியின் பதில் நேற்று வந்தது. அவருக்கும் இதே கேள்வி இருந்ததாம், கேட்கத் தயங்கினாராம். பார்க்க வேண்டாம், பலகையில் ஆடுவோம் என்று எழுதியிருக்கிறார். அமைப்பாளர்களின் பதில் இன்னும் வரவில்லை. என் கடிகாரத்தில் பதினொரு நாள் இருக்கிறது.

அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் போட்டிகளில் ஆடும் ஒருவர்